பெட்டியில் போட்ட எண்ணும் தொட்டியில் விழும் தண்ணீரும்

மீன் தொட்டி: வாசகர் கேள்வி-பதில்

பெரிய நன்னீர்த் தொட்டிகளைப் பற்றிப் போன இதழில் எழுதியதும் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பம்பைப் பற்றித்தான். குழாய் வேலை பார்த்துவிட்டு மீன் பக்கம் வந்தவன் நான், எனக்குக் கேட்கவா வேண்டும்! நோய், பாசி, செடி எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த முறை பம்பும் தண்ணீரும் மட்டும்.

கேள்வி: என் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கீழே சம்ப் (தண்ணீர் இறங்கிவந்து சேரும் கீழ்த்தொட்டி). சம்ப் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டி நீர்மட்டம் வரை நாலரை அடி இருக்கும். மணிக்கு 5000 லிட்டர், அதிகபட்ச ஹெட் (ஏற்றும் உயரம்) 3.5 மீட்டர் என்று பெட்டியில் போட்ட பம்பை 16 மி.மீ. ஹோஸில் மாட்டியிருக்கிறேன். மேலே வந்து விழுவது பாதிகூட இல்லை. ‘பம்பில் பழுதில்லை, 10,000 லிட்டர் பம்ப் போடுங்கள்’ என்கிறார் கடைக்காரர். போடலாமா?
— ஆறடித் தொட்டிக்காரர்

பதில்: போட வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் பம்பில் பழுதில்லை என்ற வரைக்கும் சரி.

பெட்டியில் இருக்கும் 5000 என்பது தண்ணீரைக் கொஞ்சமும் உயர்த்தாமல், குழாய் எதுவும் மாட்டாமல் பம்ப் தள்ளும் அளவு. 3.5 மீட்டர் என்பது அதன் மறுமுனை. அந்த உயரத்தில் தண்ணீர் குழாய்க்குள் நிற்கும், ஒரு சொட்டும் வெளியே வராது. உங்கள் பம்ப் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று ஒரு வளைகோடு வரைந்து கொடுப்பார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான். அந்தக் கோடே இல்லாத பம்பை நான் வாங்குவதில்லை.

நாலரை அடி என்றால் ஏறத்தாழ 1.4 மீட்டர். இந்த உயரத்துக்கு மட்டும் உங்கள் பம்ப் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு லிட்டரை இழக்கும். பம்ப் சம்பின் அடியில் கிடக்கிறதே, அங்கிருந்துதானே அளக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சம்ப் நீர்மட்டத்திலிருந்து அளந்தால் போதும். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீர் பம்புக்குச் சுமை இல்லை.

மீதியைத் தின்பது உங்கள் ஹோஸ். மணிக்கு 3000 லிட்டர் 16 மி.மீ. குழாய்க்குள் போக வேண்டுமானால் நொடிக்கு நாலு மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் ஒவ்வொரு மீட்டர் ஹோஸும் இன்னொரு மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமமான உராய்வைக் கொடுக்கும். அதே 3000 லிட்டரை 25 மி.மீ. குழாயில் விட்டால் உராய்வு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடியது, பலன் ஒன்பது மடங்கு. எல்போ, அடாப்டர் எல்லாவற்றையும் வெளியே பார்க்காமல் உள்ளே பாருங்கள். 25 மி.மீ. ஹோஸின் இரண்டு முனையிலும் 14 மி.மீ. துளையுள்ள அடாப்டர் உட்கார்ந்திருப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இதே ஹோஸில் 10,000 லிட்டர் பம்பை மாட்டினால் என்ன ஆகும்? ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு நாலு மடங்காகும். கரண்ட் செலவாகும், தண்ணீர் சூடாகும், மேலே வந்து விழுவது கொஞ்சம்தான் கூடும். அப்படியே கூடினாலும் உங்கள் ஓவர்ஃப்ளோ குழாய் அத்தனை தண்ணீரையும் கீழே இறக்குமா என்பது தனிக் கேள்வி. இறக்காவிட்டால் தரையில்தான் மீன் வளர்க்க வேண்டும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். தண்ணீர் வந்து விழும் வாயை அதே உயரத்தில் ஒரு 10 லிட்டர் வாளிக்குள் திருப்பிப் பிடித்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். கீழே இறக்கிப் பிடித்தால் கணக்குத் தப்பும். 36,000-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 16 நொடி என்றால் 2250. உங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். 25 மி.மீ. குழாய்க்கு மாற்றி, எல்போவைக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள், 12 நொடிக்குள் நிறையும். அதாவது 3000-க்கு மேல். உங்கள் தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடம் எல்லாம் போகச் சுமார் 600. மணிக்கு ஐந்து முறை சம்ப் வழியாகப் போய் வந்தால் தாராளம்.

கேள்வி: ஓட்டத்தைக் குறைக்க வால்வை பம்புக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

பதில்: பின்னால், அதாவது தண்ணீர் வெளியேறும் பக்கம். உள்ளிழுக்கும் பக்கத்தை நெருக்கினால் பம்ப் மூச்சுத் திணறி இரையும், உள்ளே சுழலும் இறக்கையான இம்பெல்லரும் கெடும். வெளிப்பக்கம் நெருக்கினால் அதற்கு வேலை குறையுமே தவிர கஷ்டம் இல்லை.

கேள்வி: எட்டடித் தொட்டி, நடுவில் பெரிய மரக்கட்டை. கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) இரண்டு. இரண்டின் தண்ணீரும் வலது ஓரத்தில் விழுகிறது, உறிஞ்சும் குழாய்கள் இடது ஓரத்தில். இருந்தும் கட்டைக்குப் பின்னால் கழிவு மேடாகச் சேர்கிறது. மூன்றாவது ஃபில்டர் வாங்கட்டுமா?
— கட்டைக்குப் பின்னால் கை விட்டுக் களைத்தவர்

பதில்: களைப்பு தெரிகிறது. ஃபில்டர் வேண்டாம், ஒரு சிறிய வேவ்மேக்கர் (தொட்டிக்குள்ளேயே நீரைச் சுழற்றும் பம்ப்) போதும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தொட்டியைப் பாருங்கள்.

அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் பொடித்து, தண்ணீரில் நனைத்து, மை ஊற்றும் ஃபில்லரால் தொட்டியின் வலது ஓரத்தில், நடுவில், கட்டைக்கு முன்னால், பின்னால் என்று ஒவ்வோர் இடமாக விடுங்கள். வெளிச்சத்தில் தூள்கள் போகும் வழி தெளிவாகத் தெரியும். வாயிலிருந்து பாயும் நீர் ஓர் இரண்டடி வரை நேராகப் போகும், அப்புறம் விரிந்து சோர்ந்துவிடும். உங்கள் தொட்டியில் சோர்ந்த நீர் கட்டையில் முட்டி, முன்பக்கமாக வழுக்கிக்கொண்டு இடது ஓரம் போய்ச் சேர்கிறது என்று நினைக்கிறேன். கட்டைக்குப் பின்னால் தூள் அப்படியே மெல்லச் சுற்றி உட்காரும்.

நீளமான தொட்டியில் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுப்பது காகிதத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில் தண்ணீர் வட்டமாகச் சுற்றினால்தான் எல்லா மூலையும் கழுவப்படும். பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி, நீர்மட்டத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் வேவ்மேக்கரை வைத்து நீளவாக்கில் அடிக்கவிடுங்கள். நீர் எதிர்க்கண்ணாடியில் மோதித் திரும்பி, முன்பக்கமாக வந்து சேரும். கட்டையைக் கண்ணாடியிலிருந்து ஒரு கை நுழையும் அளவு தள்ளி வையுங்கள். வேவ்மேக்கரால் தண்ணீரை மேலே ஏற்ற முடியாது. ஆனால் அகன்ற வாயால் சில வாட்டிலேயே பெரிய அளவு நீரை நகர்த்தும். ஏற்றுவதற்கு ஒரு பம்ப், சுற்றுவதற்கு ஒரு பம்ப் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் சின்னதாகவே போதும்.

அதன் பிறகும் எங்காவது ஓர் இடத்தில் கழிவு சேரும். அது கட்டாயம் நடக்கும், நடக்கட்டும். அது எந்த இடம் என்று பார்த்து உறிஞ்சும் குழாயை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

கேள்வி: கேனிஸ்டரைத் தரையில் வைத்தால் பம்புக்குச் சுமை கூடுமா? பெஞ்ச் போட்டு உயர்த்தி வைத்திருக்கிறேன்.

பதில்: பெஞ்சை வேறு எதற்காவது பயன்படுத்துங்கள். கேனிஸ்டர் மூடிய சுற்று. மேலே ஏறும் தண்ணீரின் எடையை எதிர்ப்பக்கம் கீழே இறங்கும் தண்ணீர் சரிக்கட்டிவிடும். பம்ப் வெல்ல வேண்டியது உராய்வை மட்டும்: ஹோஸ், வளைவுகள், உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச். ஃபில்டர் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், கையேட்டில் போட்ட உயர வித்தியாசத்தைத் தாண்டக் கூடாது. மற்றபடி தரையே நல்ல இடம். உபரி ஹோஸைச் சுருட்டி உள்ளே திணிக்காமல் வெட்டிவிடுங்கள். ஓட்டம் குறைந்தால் பம்பைச் சந்தேகப்படுவதற்கு முன் ஸ்பாஞ்சைக் கழுவுங்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்.

கேள்வி: ஏஞ்சல் மீன்கள் எப்போதும் செடிக்குப் பின்னாலேயே நிற்கின்றன. தீவனம் போட்டால் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடுகிறது. ஃபில்டர் பலமாக இருப்பது நல்லதுதானே?
— ஏஞ்சல் வீட்டு அம்மா

பதில்: தண்ணீருக்கு நல்லது, ஏஞ்சலுக்கு இல்லை அம்மா. உயரமாக, தட்டையாக இருக்கும் உடம்பு அது. மெதுவாக நகரும் நீரில், செடித்தண்டுகளுக்கு நடுவே நழுவிப் போவதற்கு ஏற்ற வடிவம். பக்கத்திலிருந்து ஓட்டம் அடித்தால் மொத்த உடம்பும் அதை வாங்கும். டிஸ்கஸும் இப்படித்தான். நீளத் துடுப்புள்ள ஃபைட்டர் மீன், கௌராமி எல்லாம் இந்தக் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு. மலையோடைகளில் பாறையை ஒட்டி வாழும் ஹில்ஸ்ட்ரீம் லோச்சுக்கு வேகமான, ஆக்சிஜன் நிறைந்த நீர் வேண்டும். இந்த இரண்டு கட்சியையும் ஒரே தொட்டியில் விட்டால் எந்தப் பம்பாலும் சமாதானம் செய்ய முடியாது.

ஒன்று கவனியுங்கள். மீன் ஓய்வாக நிற்கும்போது மார்புத் துடுப்பு எப்படி அடிக்கிறது? இடத்தைத் தக்கவைக்கவே விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் ஓட்டம் அதற்கு அதிகம். விளக்கு எரியும் நேரம் முழுக்க அப்படியே என்றால் சாப்பிட்டது எல்லாம் அதற்கே போய்விடும்.

ஃபில்டரின் அளவைக் குறைக்க வேண்டாம், அதன் வேகத்தை மட்டும் உடைக்கலாம். தண்ணீர் வரும் வாயில் ஸ்ப்ரே பார் (வரிசையாகத் துளை போட்ட குழாய்) மாட்டுங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு ஹோஸின் பரப்பைவிடக் குறையக் கூடாது. 16 மி.மீ. ஹோஸுக்கு 4 மி.மீ. துளை 16 போட்டால் சமம். 30 போட்டால் ஒவ்வொன்றிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். கூடவே வரும் பார்களில் பெரும்பாலும் துளை போதாது, நான் எப்போதும் கூடுதலாகத் துளை போட்டுக்கொள்வேன். பாரைப் பின்கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிவிட்டால் மீதி வேகமும் அங்கே மோதி அடங்கிவிடும். தீவனம் போடும் பத்து நிமிடம் பம்பை நிறுத்தலாம். மறுபடி போட மறக்காமல் இருக்க ஏதாவது வழி செய்துகொள்ளுங்கள், மறப்பது சகஜம்.

கேள்வி: கரண்ட் போனால் சம்ப் நிரம்பி வழிகிறது. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு போட்டும் நிற்கவில்லை.
— துடைப்பத்தோடு ஒருவர்

பதில்: பம்ப் நின்றதும் மேலிருந்து வரும் குழாயே சைஃபன் ஆகிவிடுகிறது. குழாய் வாய் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் கீழே இறங்கும். ஆறடிக்கு இரண்டடி தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது 28 லிட்டர். வாய் மூன்று அங்குலம் மூழ்கியிருந்தால் 85 லிட்டர் சம்பைத் தேடி வரும்.

செக் வால்வை நம்பாதீர்கள். ஒரு நத்தை ஓடு, ஒரு செடித்தண்டு குறுக்கே மாட்டிக்கொண்டால் போதும், அது மூடாது. குழாய் வாயை நீர்மட்டத்துக்கு நெருக்கமாக உயர்த்துங்கள். முடியாவிட்டால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 5 மி.மீ. துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் துளை காற்றை இழுத்து சைஃபனை அறுத்துவிடும். அதிலும் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள். பிறகு நீங்களே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். எல்லாத் தண்ணீரும் இறங்கி முடித்ததும் சம்பில் மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறது? அதை வைத்து, ஓடும்போது இருக்க வேண்டிய அதிகபட்ச மட்டத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள்.

இதற்கு நேர்மாறான விபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓவர்ஃப்ளோவின் வாயில் இலை அடைத்துக்கொண்டால் பம்ப் சம்பைக் காலி செய்து எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடும். சம்பில் பம்ப் இருக்கும் தடுப்பறையிலுள்ள தண்ணீர் மேல்தொட்டியில் காலியாக விட்ட இடத்தைவிடக் குறைவாக இருந்தால் வழியாது. மேலே ஓர் அங்குலம்தான் இடம் என்றால் பம்ப் அறையில் 28 லிட்டருக்குக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டிசி பம்ப் வாங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, நல்லதா?

பதில்: நல்லதுதான், விலை மட்டும் ஏசி பம்பைவிடக் கூடுதல். ஒரு சங்கதி தெரிந்துகொண்டு வாங்குங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகும், கரண்ட் எட்டில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் ஏற்றும் உயரம் நாலில் ஒரு பங்காகிவிடும். நாலு மீட்டர் ஹெட் உள்ள பம்ப் பாதி வேகத்தில் ஒரு மீட்டர்தான் தாங்கும். உங்கள் சம்புக்கும் தொட்டிக்கும் 1.4 மீட்டர் என்றால் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வராது. சம்புக்கு டிசி வாங்குபவர்கள் ஹெட்டைத் தாராளமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கரண்ட் கணக்கையும் சொல்கிறேன். 60 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் 1.44 யூனிட், முப்பது நாளைக்கு 43. அதே வேலையை 25 வாட்டில் செய்யும் பம்ப் 18 யூனிட்டில் முடித்துவிடும். மூழ்கி ஓடும் பம்பில் செலவாகும் வாட் ஏறத்தாழ முழுவதும் தண்ணீரில் சூடாகத்தான் போய்ச் சேரும். வெயில் காலத்தில் இது உறைக்கும்.

கேள்வி: தொட்டி முழுக்கச் செடி, தண்ணீர் மணிக்குப் பத்து முறை சுற்றுகிறது. இருந்தும் விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. ஏன்?

பதில்: ஃபில்டரின் வாய் ஆழத்தில், கீழ்நோக்கி இருக்கிறதா? மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம்போல் ஏதாவது தெரிகிறதா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. எத்தனை முறை சுற்றினாலும் ஆக்சிஜன் உள்ளே நுழைவது மேற்பரப்பு வழியாகத்தான். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அதனால் விடியும் நேரத்தில் இருப்பு மிகவும் குறைவு. சூடான நீரில் தாங்குவதே குறைச்சல்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.5 தான்.

வாயை உயர்த்தி, நீர்மட்டத்துக்கு அடியில் சற்றே மேல்நோக்கித் திருப்புங்கள். மேற்பரப்பு முழுவதும் நெளிய வேண்டும், சளசளவென்று தெறிக்க வேண்டியதில்லை. செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவராக இருந்தால் அதிகம் கலக்கினால் அது வெளியேறிவிடும். பகலில் மெல்ல நெளியவிட்டு, விளக்கு அணைந்ததும் கேஸை நிறுத்தி, டைமரில் ஏர் பம்பை ஓடவிடுங்கள்.

கேள்வி: பம்ப் ராத்திரியில் கரகரவென்று கத்துகிறது. மாற்றிவிடவா?
— தூக்கம் கெட்டவர்

பதில்: பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். கை ஈரமாகும் முன் பிளக்கைப் பிடுங்குவது எப்போதும் முதல் வேலை. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு பிரேக்கர் இல்லாத இணைப்பில் மீன் தொட்டியே வைக்காதீர்கள்.

இம்பெல்லரை வெளியே எடுங்கள். காந்தத்தின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போய்விடும். நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். பீங்கான் தண்டில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள், சத்தத்துக்குப் பாதி நேரம் அதுதான் காரணம். தண்டு மட்டும் தனியாகக் கிடைக்கும். சிறிய ஏசி பம்புகளில் இறக்கைக்கும் காந்தத்துக்கும் நடுவே அரைச் சுற்று ஆட்டம் இருக்கும். அது பழுதில்லை, பம்ப் கிளம்புவதற்காக வேண்டுமென்றே விட்ட இடம். தண்ணீர் மட்டம் குறைந்து காற்றை உறிஞ்சினாலும் கரகரக்கும். எதுவும் இல்லையென்றால் பம்ப் சம்பின் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும், அடியில் ஒரு ஸ்பாஞ்ச் வையுங்கள்.

கேள்வி: பெரிய ஃபில்டர் ஒன்றா, சின்னது இரண்டா?

பதில்: இரண்டு. ஒன்று நின்றாலும் இன்னொன்று மீன்களைக் காப்பாற்றும். இரண்டையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். ஒன்றைக் கழுவி இரண்டு வாரம் கழித்து மற்றதைக் கழுவினால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா தொட்டியில் எப்போதும் இருக்கும். கரண்ட் பல மணி நேரம் போய்த் திரும்பினால் கேனிஸ்டரை அப்படியே ஓடவிடாமல், உள்ளே கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவை (உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் போன்றவற்றை) தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு, அப்புறம் போடுங்கள்.